எல்லாரும் மிதிக்கிற மண்

பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற கோல்ஃப் மைதானங்களுக்கு உலகத்தில் குறைவில்லை. இருந்தும், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் ஒருமுறை ஆடிவிட, இரண்டு நாள் முன்பு நடக்கும் குலுக்கலில் பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். கட்டணமும் கொஞ்சமல்ல. அழகுக்காக என்று சொல்ல முடியாது. முதல் பார்வைக்கு அது மேடும் பள்ளமுமான கடலோரப் புல்தரைதான். புகழ்பெற்ற அமெரிக்க கோல்ஃப் வீரர் பாபி ஜோன்ஸுக்கே 1921-இல் அது பிடிபடவில்லை. பதினோராவது குழியருகே மணற்பள்ளத்தில் சிக்கி, பிரிட்டிஷ் ஓபன் போட்டியின் நடுவில் ஆட்டத்தையே கைவிட்டார். 1927-இல் அங்கேயே பட்டம் வென்றார். 1958-இல் அந்த ஊர் அவரைக் கௌரவக் குடிமகனாக ஏற்றுக்கொண்டது. என் மனத்தில் இதையெல்லாம் விட ஒட்டிக்கொண்டது அங்கத்திய ஞாயிற்றுக்கிழமை. வழக்கமாக அன்று ஆட்டம் கிடையாது. மற்ற நாளில் பந்து பறக்கும் புல்வெளியில் ஊர்க்காரர்கள் நாயைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளை ஓடவிட்டு நடக்கிறார்கள். அது பொதுநிலம். உறுப்பினர் ஆனால்தான் வாசற்கதவே திறக்கும் மைதானங்கள் எத்தனையோ இருக்க, எந்தச் சங்கத்தையும் சேராத ஒருவர் ஜோன்ஸ் திணறிய அதே மணலில் இறங்கி நின்று மட்டையை ஓங்க முடிகிறது. ஆட்டக்காரர்களை இழுப்பது இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.