கிடங்கை மூடினாற் போதுமா?

காங்கேசன்துறைப் பக்கத்துக் கற்கிடங்குகளை மூடித் தரவேண்டும் என்ற கோரிக்கை, வலிகாமம் வடக்குக்குத் திரும்பியவர்களிடமும் இன்னும் திரும்பக் காத்திருப்பவர்களிடமும் அடிக்கடி எழுகின்றது. நியாயமான கோரிக்கைதான். ஆனால் எதனைப் போட்டு மூடுவது, மூடியபின் சுற்றியுள்ள கிணறுகளின் தண்ணீர் என்னவாகும் என்பதை நாம் இன்னும் உரத்துக் கேட்கவில்லை.

சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் தொடங்கியது. களிமண் முருங்கனிலிருந்து வந்தது. சுண்ணாம்புக்கல் எமது காணிகளுக்கு அருகிலேயே அகழப்பட்டது. 1990இல் யுத்தத்தால் வேலை நின்றது. அவ்வாண்டிலேயே நீங்களும் இடம்பெயர்ந்தீர்கள். கிடங்குகள் அப்படியே கிடந்தன.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மாரி மழை செம்மண்ணூடாக இறங்கி, கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகின்றது. அதன் அடியில் கடலிலிருந்து ஊடுருவிய உவர்நீர். நன்னீர் பாரம் குறைந்தது. ஆகவே மேலே மிதக்கின்றது. நிலாவரையில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு என்பதை எமது மூத்தோர் எந்த விஞ்ஞானியும் சொல்லாமலே அறிந்திருந்தனர். விஞ்ஞானம் சேர்த்துச் சொல்வது ஒரு கணக்கு: கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். மேலே ஓரடி இறங்கிவிட்டால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு 40 அடி ஏறும். இதனை வெங்காயத்துக்கு இறைக்கும் ஒவ்வொருவரும் மனத்திற் கொள்ளவேண்டும்.

ஆழக் கிடங்கு வெட்டினால் வடிகட்டும் மண் போய்விடுகின்றது. நீர்மட்டத்துக்குக் கீழே வெட்டினால், திறந்து கிடக்கும் தண்ணீரை வெயில் ஆண்டு முழுவதும் குடிக்கின்றது. இப்போது சிலர், ஊர்க் குப்பையைக் கொட்டி நிரப்பலாம் என்கின்றனர். இதைவிடக் கேடான யோசனை எனக்குத் தெரியாது. வெடிப்புள்ள கல்லில் அழுக்கு ஓரிடத்தில் நிற்காது. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விடயம் 2014, 2015இல் எம்மை எவ்வளவு அலைக்கழித்தது! மழைநீரைத் தேக்கலாம் என்பது நல்ல எண்ணம். ஆனால் அடி உவர்நீரைத் தொடும் கிடங்கில் அது பலிக்காது. ஒவ்வொரு கிடங்கையும் தனித்தனியே பார்க்கவேண்டும்.

நிலக்கரி தோண்டும் நாடுகள் இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் படித்தன. அங்கே கரியோடு வெளிவரும் கந்தகக் கல்லில் காற்றும் நீரும் பட்டு அமிலநீர் ஓடும், ஓடைகள் செத்துப்போகும். (அந்த அமிலத்தைத் தணிக்க அவர்கள் போடுவது சுண்ணாம்புக்கல்தான்.) அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டுச் சட்டம், தோண்டுமுன்னரே நிலத்தடி நீருக்கும் ஓடும் நீருக்கும் என்ன நேரும் என்று எழுதித் தரச் சொல்கின்றது. பிணைப்பணம் முன்கூட்டியே வைக்கவேண்டும். மீள நட்ட பயிருக்கான பொறுப்பு 5 ஆண்டுகளுக்கு, மழை குறைந்த இடங்களில் 10 ஆண்டுகளுக்கு நீடிக்கும். திறந்த சுரங்கத்தால் கமக்காரனின் கிணறு கெட்டால் கம்பனி மாற்றுத் தண்ணீர் தரவேண்டும். சட்டத்துக்கு முன்பே கைவிடப்பட்ட குழிகளைச் சீர்செய்ய, இயங்கும் சுரங்கங்களிடம் தொன் கணக்கில் கட்டணம் அறவிடப்படுகின்றது. அங்கும் கம்பனிகள் முறிந்து, பிணைப்பணம் போதாமற்போன இடங்கள் உண்டு. ஆயினும் கிணறு யாருடைய பொறுப்பு என்பது எழுத்தில் இருக்கின்றது. எமக்கு அதுவும் இல்லை.

திரும்பிவந்த பெரியவர் ஒருவர் தமது பழைய கிணற்றில் அள்ளிய தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டு, “முந்தி இப்பிடி இல்லை, ஃபாதர்” என்றார். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் முந்தி எப்படி இருந்தது என்பதற்கு அவர் கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை.

ஆகவே முதல் லொறி மண் வருமுன்னர், கிடங்கைச் சுற்றியுள்ள ஒவ்வொரு கிணற்றின் நீர்மட்டத்தையும் உப்பையும் அளப்பிக்கவேண்டும். ஆவணியில் ஒருமுறை, மாரி முடிந்து தையில் ஒருமுறை. ஒரு பிரதி பிரதேச சபையில், ஒரு பிரதி உங்கள் வீட்டில், காணி உறுதியோடு சேர்த்து.