பச்சைக் குழந்தையின் மூச்சைக் காப்போம்!

மழைக் காலம் வந்தால் கைக்குழந்தைகளுக்குச் சளி பிடிப்பது வழக்கம்தான். பெரும்பாலும் அது தானாகவே சரியாகிவிடுகிறது. ஆனால் சில குழந்தைகளுக்கு மூன்றாம் நான்காம் நாளில் மூச்சு இரைக்கிறது. விலா எலும்புகளுக்கிடையே சதை உள்ளே குழிகிறது. பால் குடிக்க முடியாமல் குழந்தை முகத்தைத் திருப்பிக் கொள்கிறது. நுரையீரலின் மிகச் சிறிய மூச்சுக் குழல்கள் வீங்கிச் சளியால் அடைபடுவதே இதற்குக் காரணம். பிராங்கியோலைட்டிஸ் என்று டாக்டர்கள் இந்நோயைச் சொல்கிறார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை இது தாக்குகிறது. பிறந்து சில மாதங்களே ஆன சிசுக்களுக்கும், குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும் ஆபத்து அதிகம்.

இது மாந்தமும் அல்ல, கண்ணேறும் அல்ல. பெரும்பாலும் 1956ல் கண்டறியப்பட்ட ஆர்.எஸ்.வி. என்ற வைரஸின் வேலை. 2019ம் ஆண்டில் மட்டும் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 1 லட்சம் குழந்தைகள் இந்தக் கிருமிக்குப் பலியாயினர் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டுள்ளனர். அவர்களில் 100க்கு 97 பேர் ஏழை நாடுகளையும் நடுத்தர வருமான நாடுகளையும் சேர்ந்தவர்கள். கிருமி எல்லா நாட்டிலும் ஒன்றுதான். சாவு மட்டும் ஏழை வீட்டைத் தேடி வருகிறது!

நாம் செய்யக் கூடியவை உண்டு. இருமலிலும் தும்மலிலும் பரவும் இக்கிருமி, கையிலும் பொருள்களிலும் ஒட்டிக் கொண்டும் வருகிறது. எனவே வேலை முடிந்து வீடு திரும்புவோர் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும். சளி பிடித்தவர் குழந்தையை முத்தமிட வேண்டாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். பீடி, சிகரெட் புகையும் அடுப்புப் புகையும் குழந்தையின் நெஞ்சுக்குப் பகை. ஆண் தோழர்களே, குழந்தை இருக்கும் வீட்டில் பீடி பற்ற வைக்காதீர்கள்!

வைரஸ் நோய்க்கு ஆண்டிபயாடிக் மருந்து பலிக்காது. அதைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்துப் பொழுதைக் கடத்தக் கூடாது. மூச்சு வேகமானாலும், பால் குடி பாதியாகக் குறைந்தாலும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். உதடு நீலம் பாரித்தாலோ, மூச்சு விட்டுவிட்டு வந்தாலோ, நொடியும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்றைக் கேட்கிறோம். குடிதண்ணீருக்கே குடத்துடன் வரிசையில் நிற்கும் சேரியில், எத்தனை தடவை கை கழுவ முடியும்? ஒரே அறையில் ஆறேழு பேர் படுத்துறங்கும் வீட்டில், சளி பிடித்தவரை எங்கே விலக்கி வைப்பது? நடவுக்குப் போகாவிட்டால் அன்று கூலியில்லை என்னும் தாய், ஆறு மாதம் எப்படிப் பாலூட்டுவாள்? 2017ல் சட்டம் திருத்தப்பட்டு, பிரசவ விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டுமென்றும் விதிக்கப்பட்டது. வயல் வரப்பில் மரக்கிளையில் தூளி கட்டும் விவசாயக் கூலிப் பெண்ணுக்கு இந்தச் சம்பள விடுப்பு எங்கே? தாயைக் குறை சொல்வது எளிது. அவள் கையைக் கட்டிப் போட்டிருப்பது வறுமை!

விஞ்ஞானம் புதிய ஆயுதமும் தந்திருக்கிறது. கர்ப்பிணிக்குத் தடுப்பூசி போட்டால், தாயின் எதிர்ப்புச் சக்தி வயிற்றிலுள்ள சிசுவுக்குச் சென்று முதல் மாதங்களில் காக்கிறது. குழந்தைக்கே நேராகப் போடும் எதிர்ப்பொருள் ஊசியும் உண்டு. இவ்விரண்டில் ஒன்றையேனும் எல்லா நாடுகளும் கொண்டுவர வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2025 மே மாதத்தில் கூறியது. நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் தடுப்பூசியை 2017ல் தொடங்கி, 2021ல் நாடு முழுவதும் இலவசமாக்கிய இந்திய அரசால் இதையும் செய்ய முடியும். பணமுள்ளவன் பிள்ளைக்கு மட்டும் பாதுகாப்பு என்ற நிலையை நாம் ஏற்க முடியாது.

சேரிக்குத் தண்ணீர்க் குழாய். விவசாயக் கூலிப் பெண்களுக்கும் கூலி இழப்பில்லாத பிரசவ விடுப்பு. ஏட்டில் மட்டுமின்றி ஆலையிலும் குழந்தைக் காப்பகம். தாய்மாருக்கு இலவசத் தடுப்பூசி - இவற்றைச் சங்கக் கூட்டங்களில் தீர்மானமாக்குவோம். கூலி உயர்வுக் கோரிக்கையோடு குழந்தையின் மூச்சும் நமது கோரிக்கைப் பட்டியலில் ஏறட்டும்!