ஊசி ரிஜிஸ்டரும் கெர்னல் டிரைவரும்: "கவனமா எழுதினா போதும்" என்பவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள், பிறகு சண்டைக்கு வாருங்கள்.

போன வாரம் அவிநாசியில் ஒரு கல்யாணம். என்னிடம் பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த தம்பி ஒருவர் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தார். இப்போது கோயமுத்தூரில் எம்பிராய்டரி மெஷின் கண்ட்ரோலருக்கு டிரைவர் எழுதுகிறாராம். பேச்சு ரஸ்ட் மொழிப் பக்கம் போனது. "அதெல்லாம் பேஷனுங்க சார். சி ஒழுங்கா தெரிஞ்சவனுக்கு அது எதுக்குங்க? கவனமா எழுதினா போதும். நீங்கதானுங்களே சொல்லிக் கொடுத்தீங்க" என்றார்.

கடைசி வரி சுட்டுவிட்டது. ஆமாம், நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அது தப்பு என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

கம்ப்யூட்டர் பக்கம் போகாத சொந்தங்களுக்கு இரண்டு வரி. கம்ப்யூட்டரின் அடிமட்டத்தில் எல்லாவற்றையும் ஆளும் புரோகிராமுக்குக் கெர்னல் என்று பெயர். பிரிண்டர், கேமரா, வைஃபை போன்ற கருவிகளோடு கெர்னலுக்காகப் பேசும் துண்டு புரோகிராம்தான் டிரைவர். லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் பெரும்பாலான முக்கிய டிரைவர்கள் கெர்னலுக்கு உள்ளேயே, அதே அதிகாரத்தோடு ஓடுகின்றன. ஒரு டிரைவர் தனக்குச் சொந்தமில்லாத மெமரியைத் தொட்டால் அது மட்டும் விழாது, மொத்த சிஸ்டமும் விழும். நொய்யல் கதைதான். ஒரு சாயப்பட்டறை செய்த தப்பு அதன் காம்பவுண்டோடு நின்றதா? ஒரத்துப்பாளையம் அணை வரைக்கும் போனது.

இப்போது நம்ம ஊர் பனியன் கம்பெனிக்குள் வாருங்கள். பவர் டேபிளில் ஊசி உடைந்தால் என்ன செய்கிறோம்? டெய்லர் பாட்டுக்கு டப்பாவிலிருந்து வேறு ஊசி எடுத்து மாட்ட முடியாது. உடைந்த துண்டுகள் அத்தனையும் பொறுக்கி, ஒட்டிச் சேர்த்து, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றாலும் அங்கிருக்கும் பீஸ்களை ஒதுக்கி மெட்டல் டிடெக்டரில் விடவேண்டும். பச்சைக் குழந்தை போடும் சட்டையில் ஊசிமுனை போய்விடக் கூடாது என்பதற்காக.

முப்பது வருஷ அனுபவமுள்ள டெய்லர் "எனக்கு எதுக்குங்க ரிஜிஸ்டர், நான் கவனமானவன்" என்றால் விடுவார்களா? அவருடைய திறமையை யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் பீஸ் ஓடும் இடத்தில் பாதுகாப்பை ஒருவருடைய கவனத்தின் மேல் வைக்கக் கூடாது, முறையின் மேல் வைக்கவேண்டும். திருப்பூரில் செக்கிங் பெண்களுக்குக் கூடத் தெரிந்த இந்த விஷயம், சி மட்டும் போதும் என்று அடம் பிடிக்கும் இஞ்சினியர்களுக்கு ஏன் ஏறவில்லை?

சி மொழியில் கெர்னலும் டிரைவரும் பேசிக்கொள்ளும் இன்டர்ஃபேஸைப் பாருங்கள். விதிகள் உண்டு. "இந்த ஃபங்ஷனைக் கூப்பிடும் முன் பூட்டுப் போட்டிருக்கவேண்டும்." "இந்த மெமரியை நீதான் விடுவிக்கவேண்டும்." "கருவியைப் பிடுங்கிய பிறகு இந்த முகவரியைத் தொடாதே." ஆனால் இவை எங்கே இருக்கின்றன? பாதி கமெண்டில், மீதி மூத்தவர்களின் மண்டையில். கம்பைலருக்கு எதுவும் தெரியாது. மீறினாலும் மௌனமாகக் கம்பைல் செய்து கொடுத்துவிடும்.

2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1 முதல் ரஸ்ட் மொழிக்குக் கெர்னலில் இடம் உண்டு. பலர் இதை மொழிச் சண்டையாகப் பார்க்கிறார்கள். என் கண்ணுக்கு அது ஊசி ரிஜிஸ்டர். மண்டையில் இருந்த விதியை இன்டர்ஃபேஸிலேயே எழுதிவிடுகிறார்கள். மூன்று உதாரணம் போதும்.

ஒன்று, பூட்டு. சி-யில் பூட்டு தனி, அது காக்கும் தகவல் தனி. பூட்டாமலே தகவலைத் தொடலாம், யாரும் கேட்கமாட்டார்கள். புதிய முறையில் தகவல் பூட்டுக்கு உள்ளேதான் இருக்கிறது. பூட்டை வாங்கினால்தான் தகவல் கைக்கு வரும்.

இரண்டு, எண்ணிக்கை. சி-யில் மெமரி முகவரி ஒரு பக்கம் போகும், எத்தனை என்ற கணக்கு இன்னொரு பக்கம் போகும். பண்டலை ஒரு ஆளிடமும் பண்டல் சீட்டை வேறு ஆளிடமும் கொடுத்தனுப்புவது மாதிரி. ரஸ்டில் பண்டலும் சீட்டும் சேர்த்தே கட்டியிருக்கும்.

மூன்று, பிடுங்கப்பட்ட கருவி. ஓடிக்கொண்டிருக்கும்போதே யூ.எஸ்.பி கருவியை யாரோ இழுத்துவிடுகிறார்கள். கெர்னல் அதன் வளங்களைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஆனால் டிரைவரின் இன்னொரு பகுதி பழைய முகவரியிலேயே எழுதிக்கொண்டிருக்கிறது. இப்போது அந்த இடம் வேறு யாருக்கோ சொந்தம். புதிய இன்டர்ஃபேஸில் டிரைவர் ஒவ்வொரு முறையும் "இருக்கிறதா?" என்று கேட்டுத்தான் தொடமுடியும். "இல்லை" என்ற பதிலுக்கும் வழி எழுதாவிட்டால் கம்பைலர் விடாது.

இதில் மூன்றாவதுதான் சூட்சுமம். மொழியை மாற்றினால் மட்டும் போதாது. எல்லை மீறியதும் ரஸ்ட் புரோகிராம் நின்றுவிடும் என்பது சரி. கெர்னலுக்குள் நின்றால் மெஷினே நின்றுவிடுமே! ஆகவே "இல்லை" என்ற பதிலைச் சந்தித்தே ஆகவேண்டும் என்று இன்டர்ஃபேஸை வடிவமைப்பதுதான் உண்மையான வேலை.

பெரிய ஆட்களுக்கு இந்தத் தப்பு வராது என்கிறீர்களா? 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு விழுந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள், படம் பார்த்திருப்பீர்கள். காரணம், கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள். கெர்னலுக்குள் ஓடிய அதன் டிரைவர் 21 தகவல்களை எதிர்பார்த்தது, வந்தது 20. இல்லாத 21-ஆவதைத் தேடி எல்லைக்கு வெளியே மெமரியைப் படித்தது. கதை முடிந்தது.

அதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பல வருஷத்துக்கு முன் நம் பள்ளி லேபில் ஒரு பிள்ளை சி பிளஸ் பிளஸ் புரோகிராம் போட்டது. பத்து எண்களுக்கு இடம், லூப் ஓடியது பதினொரு தடவை. ஒரு சமயம் சரியான விடை, ஒரு சமயம் சிஸ்டமே தொங்கியது. நான் எல்லார் முன்னாலும் "கவனம் எங்கே போச்சு?" என்று திட்டி, ரெக்கார்டில் சிவப்பு மை போட்டேன். "எனக்கு இது வராதுங்க சார்" என்று அந்தப் பிள்ளை கம்ப்யூட்டர் பக்கமே திரும்பவில்லை, பி.காம் போய்விட்டது. அது செய்த அதே ஒன்று கூடுதல் தப்பைத்தான் கோடி கோடியாகச் சம்பாதிக்கும் நிறுவனமும் செய்தது. தப்பு பிள்ளையின் கவனத்தில் மட்டுமா? தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லாத கருவியைக் கொடுத்துவிட்டு நான் பிள்ளையைத் திட்டினேன்.

எதிர்வாதங்களை நான் மறைக்கவில்லை. 2025 தொடக்கத்தில் லினக்ஸின் டி.எம்.ஏ பகுதியைப் பராமரித்த கிறிஸ்டோஃப் ஹெல்விக், ரஸ்ட் இன்டர்ஃபேஸைக் கடுமையாக எதிர்த்தார். ஒரே கெர்னலில் இரண்டு மொழி என்றால் பராமரிப்புச் சுமை யார் தலையில் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் உங்கள் கோடைத் தொடாமல், அதைப் பயன்படுத்தும் இன்டர்ஃபேஸை இன்னொருவர் எழுதுவதைத் தடுக்க உங்களுக்கு உரிமை இல்லை என்று லினஸ் டோர்வால்ட்ஸ் பதில் சொன்னார். அந்த டிசம்பரில் டோக்கியோவில் கூடிய பராமரிப்பாளர்கள், ரஸ்ட் இனி சோதனை முயற்சி அல்ல என்றே முடிவெடுத்தார்கள்.

"ரஸ்ட் கோடிலும் ஓட்டை வந்துச்சே சார்?" வந்தது. அதே 2025 டிசம்பரில், ஆண்ட்ராய்டின் பைண்டர் டிரைவரில். எங்கே வந்தது என்று பாருங்கள். கம்பைலரின் காவலை மனிதன் கைப்பட விலக்கும் "அன்சேஃப்" பகுதியில். ரிஜிஸ்டர் இல்லாத டேபிளில்தான் ஊசி தொலைந்தது. அந்தப் பகுதியைச் சிறிதாக்கி, இன்டர்ஃபேஸ் எழுதும் சில பேர் கையில் மட்டும் கொடுத்து, நூறு முறை செக்கிங் செய்யவேண்டும். டிரைவர் எழுதும் ஆயிரம் பேருக்கு அது கண்ணிலேயே படக்கூடாது. பலன் உண்டா? ஆண்ட்ராய்டு பாதுகாப்பு ஓட்டைகளில் மெமரி சம்பந்தப்பட்டவை 2019-ல் 76 சதவீதம், 2024-ல் 24 சதவீதம் என்கிறது கூகுள். பழைய கோடை எல்லாம் மாற்றி எழுதவில்லை, புதிதாக எழுதுவதைத்தான் மாற்றினார்கள்.

இது ஏதோ அமெரிக்கா சமாச்சாரம் என்று தள்ளிவிடாதீர்கள். அரசு கொடுத்த மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்ததே, அதற்குள் ஓடியதும் இதே லினக்ஸ் கெர்னல்தான். சி-டாக் சென்னையில் உருவாக்கியது. ஐ.ஐ.டி மெட்ராஸின் சக்தி பிராசஸர் குழுவில் இருந்தவர்கள், சி புரோகிராமின் மெமரி தப்புகளை பிராசஸரிலேயே பிடிக்கும் வடிவமைப்பை 2019-ல் வெளியிட்டார்கள். கவனத்தை மட்டும் நம்பக் கூடாது என்று நம் பக்கத்து ஆட்களே எப்போதோ முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

பந்தியில் பேசிய தம்பிக்கு ஒரு வார்த்தை. உங்கள் திறமையில் எனக்குத் துளி சந்தேகமில்லை. ஆனால் உங்கள் டிரைவர் ஓடும் மெஷினில் கை வைத்து வேலை செய்கிறவர் உங்கள் கவனத்தைப் பார்க்கப் போவதில்லை. நீங்கள் வேலையை விட்டுப்போன பிறகு அந்தக் கோடைத் திறக்கும் இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு உங்கள் மண்டையில் இருந்த விதிகளும் தெரியாது. திங்கட்கிழமை போனதும் உங்கள் இன்டர்ஃபேஸில் ஒரே ஒரு கமெண்டை எடுங்கள். "கூப்பிடுபவர் கவனிக்கவேண்டும்" என்று எழுதியிருக்கும் கமெண்டாகப் பார்த்து எடுங்கள். அதை மீறினால் கம்பைலே ஆகாதபடி மாற்றமுடியுமா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் ஏன் என்று எனக்கு எழுதுங்கள், கற்றுக்கொள்கிறேன்.

அந்த பி.காம் பிள்ளை இதைப் படித்தால்: தப்பு உன் மேல் மட்டும் இல்லை கண்ணு. அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை. மன்னிச்சுக்கோ.

உங்கள் பழைய கம்ப்யூட்டர் வாத்தியார்.