வீட்டில் செய்தாலும் வேலை வேலைதான்: கைத்தொழிலும் குடும்பமும் குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

கோரைப்பாய் நெய்வோர், பனையோலைக் கூடை பின்னுவோர், கொலு பொம்மைக்கு வண்ணம் தீட்டுவோர், பூத்தையல் போடுவோர் என்று வீட்டிலிருந்தே கைத்தொழில் செய்யும் பெண்கள் சேர்ந்து நடத்தும் சங்கம் எங்களுடையது. பயிற்சி முகாமானாலும் கடன் மேளாவானாலும் மேடையில் ஏறுகிறவர்கள் எங்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: நேரத்தைத் திட்டமிடுங்கள், விடியுமுன் எழுந்திருங்கள், குழந்தை தூங்கும்போது வேலையை முடித்துவிடுங்கள், தொழிலையும் குடும்பத்தையும் இரு கண்களாகப் பாருங்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனாலும் இந்த அறிவுரையை நாங்கள் ஏற்கவில்லை. வீட்டுத் தொழிலும் குடும்பமும் ஒன்றையொன்று நெருக்குவதற்குக் காரணம் தொழில் செய்யும் பெண்ணின் சாமர்த்தியக் குறைவு என்ற எண்ணம் இந்த அறிவுரைக்குள் இருக்கிறது. வேலைக்குக் கிடைக்கும் கூலி, ஆர்டருக்கு வைக்கப்படும் கெடு, வீட்டிலுள்ள மற்றவர்களின் உழைப்பு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஊரில் உள்ள ஏற்பாடு ஆகிய நான்கும் சரியாக அமையாத வீட்டில் எந்தத் திட்டமிடலும் நிற்காது. இந்த நான்கையும் சரிசெய்யும் பொறுப்பு அவளுக்கு மட்டும் உரியதல்ல என்பதே எங்கள் நிலைப்பாடு.

விடியுமுன் எழச் சொல்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் இந்தியப் பெண்கள் அதில் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். அதுவும் வீட்டு வேலையில் கை வைக்கும் ஆண்களின் கணக்கு மட்டும்தான். அப்படிக் கை வைப்பவர்கள் நூற்றுக்கு 26 பேர். குழந்தையையும் முதியவரையும் கவனிக்கும் நேரம் இதில் சேரவில்லை. ஐந்து மணி நேரம் சமையலுக்கும் துவைப்பதற்கும் தண்ணீர் பிடிப்பதற்கும் போன பிறகுதான் எங்கள் உறுப்பினர் பாய் நெய்யும் பாவு முன்னால் உட்காருகிறார். அவர் எந்த நேரத்தை இனித் திட்டமிடுவது? தூக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். எடுக்கவும் செய்கிறார். முதுகும் கழுத்தும் கண்ணும் அதற்கு விலை கொடுக்கின்றன.

கைத்தொழிலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலருக்கு அதன் உள் வேலை தெரிவதில்லை. சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள பத்தமடையை எடுத்துக்கொள்வோம். அங்கே பெரும்பாலும் லப்பை முஸ்லிம் குடும்பங்களின் பெண்கள் தலைமுறைகளாக வீட்டுக்குள் பாய் நெய்கிறார்கள். தாமிரபரணிப் பக்கத்துக் கோரையை மெல்லியதாகக் கீற வேண்டும், காயப்போட வேண்டும், நீரில் நாள்கணக்கில் ஊறவைக்க வேண்டும், மறுபடி காய்ந்த பிறகு சாயம் ஏற்ற வேண்டும். பருத்தி நூல் பாவை இழுத்துக் கட்டிய பிறகு ஒருவர் உட்கார்ந்து அடிக்க, இன்னொருவர் கோரையை ஒவ்வொன்றாகக் கோத்துக் கொடுப்பார். மணமக்கள் பெயர் நெய்த கல்யாணப் பாய் என்றால் ஒவ்வொரு இழையிலும் எண்ணிக்கை தவறக் கூடாது. சாயத்தில் தோய்த்த கோரையை அடுப்பில் பால் பொங்கும் நேரம் பார்த்து வெளியே எடுக்க முடியாது. எண்ணிக்கை விட்டுப்போனால் பிரித்து மறுபடி தொடங்க வேண்டும். பிள்ளை தூங்கும் அரைமணியில் செய்து முடிக்கிற வேலையாக இதை நினைப்பவர்கள் ஒரு நாளாவது அருகில் இருந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். இடைவிடாத நேரம் வேண்டிய தொழில் இது. அந்த நேரத்தை அவளுக்கு ஒதுக்கித் தர வேண்டியது வீட்டாரும்தான்.

அடுத்தது விலை. வாங்க வருகிறவர்களும் தரகர்களும் தவறாமல் சொல்வது, “வீட்டுலதானே செய்றீங்க, கடை வாடகையா, கரண்டு பில்லா?” என்பது. வாடகை உண்டு. கூடத்தில் பாவு கட்டியிருக்கும் வீட்டில் விருந்தாளிக்கு உட்கார இடமில்லை, பிள்ளைக்குப் படிக்க இடமில்லை. மழைக்காலத்தில் காயாத கோரையோடும் வண்ணம் உலராத பொம்மைகளோடும்தான் குடும்பம் படுத்து எழுகிறது. தொழிற்சாலை என்றால் முதலாளி செலவு செய்ய வேண்டிய இடம், விளக்கு, தளவாடம், சேதாரம் ஆகிய அனைத்தையும் இங்கே குடும்பம் சுமக்கிறது. அதைச் செலவாக எழுதாததால் லாபமாக வேறொருவர் எடுத்துச் செல்கிறார். ஆகவே ஒரு பொருளுக்குக் கூலி பேசும்போது, எட்டு மணி நேரத்தில் ஒருவர் இயல்பாக எவ்வளவு முடிக்க முடியுமோ அந்த அளவுக்கு அரசு அறிவித்த குறைந்தபட்ச நாள்கூலியாவது வர வேண்டும். இடத்துக்கும் மின்சாரத்துக்கும் தனியாக ஒரு பங்கு சேர வேண்டும். இதற்குக் குறைந்த கூலிக்கு எங்கள் சங்கத்தின் பெயரில் ஆர்டர் எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

இது புதிய குறையல்ல. ஆந்திரத்தின் நர்சாபூரில் லேஸ் பின்னிய பெண்களைப் பற்றி ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர்கள் பின்னிய லேஸ் வெளிநாடுகளுக்குப் போனது, வியாபாரிகள் வளர்ந்தார்கள். அந்தப் பெண்களையோ, ஓய்வு நேரத்தைக் கழிக்கிற இல்லத்தரசிகள் என்றுதான் ஊர் சொன்னது. அந்த நூல் வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் எங்கள் உறுப்பினர்களின் உழைப்பு “கைச்செலவுக்கு ரெண்டு காசு” என்றுதான் பேசப்படுகிறது. அந்த இரண்டு காசில்தான் பல வீடுகளில் பள்ளிக் கட்டணமும் மருந்துச் செலவும் நடக்கின்றன. 2019-20இல் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில் நெசவிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் இருப்பவர்களாகக் கண்ட 35 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் 72 விழுக்காட்டினர் பெண்கள். இத்தனை பேரின் தொழிலைப் பொழுதுபோக்கு என்று எப்படி ஒதுக்குவது?

கெடு விஷயத்தில் சங்கத்துக்குள்ளேயே இரண்டு கருத்து இருந்தது. முகூர்த்த மாதத்தில் இரவு கண்விழித்து நெய்தால்தான் ஆண்டின் பெரும்பங்கு வருமானம் கிடைக்கும், அதைச் சங்கம் தடுக்கக் கூடாது என்று சிலர் வலுவாகச் சொன்னார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. யாருடைய வருமானத்தையும் தடுக்க எங்களுக்கு உரிமையில்லை. ஆனால் கண்விழிக்க வேண்டிய நிலையை உருவாக்குவது முகூர்த்த மாதம் அல்ல, கடைசி வாரத்தில் ஆர்டர் தருகிற பழக்கம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996இல் வீட்டிலிருந்து உற்பத்தி செய்யும் தொழிலாளர்களுக்காக 177ஆம் உடன்படிக்கையையும் அதோடு 184ஆம் பரிந்துரையையும் நிறைவேற்றியது. மற்றத் தொழிலாளர்களுக்குக் கிடைக்கும் அன்றாட ஓய்வையும் வார ஓய்வையும் வேலைக் கெடு பறிக்கக் கூடாது என்று அந்தப் பரிந்துரை தெளிவாகச் சொல்கிறது. கூலியிலும் சமூகப் பாதுகாப்பிலும் மகப்பேற்றுப் பாதுகாப்பிலும் மற்றவர்களுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்கிறது உடன்படிக்கை. இந்தியா இந்த உடன்படிக்கைக்கு ஏற்புறுதி தரவில்லை. தர வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.

மகப்பேறு என்றதும் இன்னொன்று. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேற்றுச் சட்டம் 26 வார விடுப்பைத் தந்தது; 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. வரவேற்கிறோம். ஆனால் வீட்டுக்குள் வேலை செய்கிறவளுக்கு அந்த 50 பேரை யார் எண்ணுவது? நிறைமாதத்தில் குனிந்து அமர்ந்து பாய் அடிக்கிறவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அதனால் காப்பகம் ஊரில் இருக்க வேண்டும். அங்கன்வாடி, கைத்தொழில் அடர்ந்துள்ள ஊர்களிலாவது மாலைவரை நடக்க வேண்டும். கைக்குழந்தைகளையும் ஏற்க வேண்டும். அரசு மனம் வைத்தால் வீட்டுச் சுமை குறையும் என்பதற்குக் கண்முன்னால் சான்று இருக்கிறது. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தால் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் காலை அடுப்பின் அவசரம் தணிந்தது. பிள்ளையின் பசிக்காகத் தொடங்கிய அந்தத் திட்டம், தாய்க்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வேலையைத் தொடங்கவும் வழிசெய்தது.

பிள்ளைகளைப் பற்றி நாங்கள் மழுப்பாமல் பேச வேண்டியிருக்கிறது. பாய்க்கு இரண்டு பேர் வேண்டும் என்று மேலே சொன்னோம். அந்த இரண்டாவது ஆள் பல வீடுகளில் மகள். 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரம் போக மற்ற நேரத்திலும் விடுமுறையிலும் 14 வயதுக்குட்பட்டவர்கள் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்று அனுமதிக்கிறது. இந்த விதிவிலக்கை நாங்கள் ஆதரிக்கவில்லை. பிள்ளை தாயின் தொழிலைப் பார்த்துப் பழகுவது வேறு, ஆர்டர் முடிய அந்தப் பிள்ளையின் கையையும் எண்ணிக் கெடு ஒத்துக்கொள்வது வேறு. ஆர்டர் எடுக்கும்போது பெரியவர்களின் கைகளை மட்டும் கணக்கில் எடுங்கள் என்று உறுப்பினர்களிடம் கண்டிப்பாகச் சொல்கிறோம். மகனை விளையாட அனுப்பிவிட்டு மகளை மட்டும் கோரை எடுத்துக் கொடுக்க உட்கார வைப்பதையும் நிறுத்த வேண்டும்.

வீட்டு ஆண்களுக்கு: தண்ணீர் பிடிப்பது, துணி துவைப்பது, பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப் போவது, ஒரு வேளை சமைப்பது ஆகியவை மனைவிக்குச் செய்யும் உதவி என்று நினைக்க வேண்டாம், உங்கள் வீட்டு வேலையில் உங்கள் பங்கு அது. பல அண்ணன்மார் சரக்கைப் பேருந்தில் ஏற்றி விற்றுவருகிறார்கள், நன்றி. ஆனால் விற்ற பணம் நெய்தவர் கைக்கு வர வேண்டும். அரசுத் திட்டங்களில் பெயர் பதிவதும் அப்படித்தான். கைவினைஞர்களுக்கான ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒருவர்தான் பதியலாம். குலத்தொழிலை வலியுறுத்துகிறது என்று தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. எங்களுக்கு அதில் இன்னொரு மறுப்பும் உண்டு. ஒருவர்தான் என்றால் பெரும்பாலும் ஆணின் பெயரே எழுதப்படும். எந்தத் திட்டமானாலும், கைவினைஞர் அடையாள அட்டையானாலும், வேலை செய்பவரின் பெயரில், ஒரு வீட்டில் இருவர் செய்தால் இருவர் பெயரிலும் பதிய வேண்டும்.

வீடே வேண்டாம், பொதுப் பணிக்கூடம் கட்டித் தந்தால் சிக்கல் தீரும் என்று சில அதிகாரிகள் சொல்கிறார்கள். கட்டித் தாருங்கள், சாயம் ஏற்றவும் சரக்கு வைக்கவும் அது பெரிய வசதி. ஆனால் அங்கே வந்தால்தான் ஆர்டர், கடன் என்று நிபந்தனை வைக்கக் கூடாது. படுத்த படுக்கையாக மாமியார் இருக்கும் வீட்டுப் பெண்ணும், வெளியே போக வீட்டார் ஒப்பாத பெண்ணும் அந்த நிபந்தனையால் தொழிலையே இழப்பார்கள்.

இரவு ஒன்பது மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டர் பேச்சுக்கு மறுநாள் காலையில்தான் பதில் என்பது இனி எங்கள் உறுப்பினர்களின் பொது விதி. வாங்குகிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கொலுவுக்குப் பொம்மையும் தை முகூர்த்தத்துக்குப் பாயும் வேண்டுவோர் குறைந்தது இரண்டு மாதம் முன்பே சொல்லி, பாதிப் பணத்தை முன்பணமாகத் தாருங்கள். பேரம் பேசுமுன், இதைச் செய்ய எத்தனை நாள் ஆனது என்று செய்தவரிடமே ஒரு முறை கேளுங்கள்.