காயாத தோலில் சத்தம் வராது

"நம்மாளுக்குப் பேச்சு ரத்தத்திலேயே இருக்கு, அவனுக்கு எதுக்குய்யா ஒத்திகை?" பாராட்டு மாதிரிதான் சொல்கிறார்கள். இதில் பாராட்டு இல்லை. அவர்கள் பேசினால் சிந்தனை, நாம் பேசினால் வெறும் குமுறல் என்கிற பழைய பாகுபாடுதான் இது.

நம் தோழர்கள் சிலரும் இதை நம்புகிறார்கள். தயாரித்துப் பேசினால் போலி, மேடையில் தானாக வருவதே உண்மையாம். பறையடிக்கிறவரிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். தீயில் வாட்டி, தட்டிக் கேட்டு, மறுபடியும் வாட்டித்தான் தோளில் மாட்டுவார்.

1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் சொன்ன அந்தக் 'கனவு', கையிலிருந்த எழுத்துப் பிரதியில் இல்லை. அந்த நேரத்து ஆவேசம் என்பார்கள். ஆனால் 1962 நவம்பரில் ராக்கி மவுண்டிலும், 1963 ஜூனில் டெட்ராய்ட்டிலும் அதே கனவைச் சொல்லிச் சொல்லி நாக்கில் ஏற்றியிருந்தார். தானாக வந்தது அல்ல, பழகி வந்தது.

அம்பேத்கர் 1936-இல் லாகூர் மாநாட்டுக்காகத் தன் உரையை முழுக்க எழுதி முடித்தார். முன்கூட்டியே படித்த அமைப்பாளர்கள் மிரண்டு, சில பகுதிகளை நீக்கச் சொன்னார்கள். மறுத்தார். மாநாடு நடக்கவில்லை. அவரே அதை 1,500 பிரதிகள் அச்சிட்டார். மேடை போச்சு, பேச்சு போகல. மனசில் மட்டும் வைத்திருந்தால் இரண்டும் போயிருக்கும்.

நமக்குக் கிடைப்பது ஐந்து நிமிஷம். அதுவும் கடைசியில், நாற்காலி மடக்குகிற நேரத்தில். நாலாவது நிமிஷம் துண்டுச்சீட்டு வந்துவிடும். வங்கி ஊழியர் கூட்டங்களில் நான் பார்ப்பதும் இதுதான். 'அவர்களே, அவர்களே' என்று இரண்டு நிமிஷத்தைத் தாரைவார்த்துவிட்டால் பஞ்சமி நிலத்தைப் பற்றி எப்போ பேசறது?

அதனால் வீட்டிலேயே வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். கண்ணாடி முன்னால் வேண்டாம், அது எதிர்த்துப் பேசாது. குறுக்கே குறுக்கே கேள்வி போடுகிற ஒரு ஆளை உட்கார வையுங்கள். அம்மாவுக்குப் புரியாத வரியை வெட்டுங்கள். சர்வே எண்ணும் அரசாணை எண்ணும் சீட்டைப் பார்க்காமல் வரவேண்டும். 'உட்காருடா' என்று ஒருத்தன் கத்தினாலும் அடுத்த வரி நாக்கு நுனியில் நிற்க வேண்டும். அடுக்குமொழி எதற்கு? சேரியில் பேசுகிற பேச்சிலேயே பழகுங்கள்.

கோபம் நம்மிடம் தேவைக்கு மேலேயே இருக்கு. எதை முதலில் சொல்வது, எதைக் கடைசியில் சொல்வது என்பதைத்தான் பழக வேண்டும். ஐந்து நிமிஷம்தான் தருவேன் என்கிறவனிடம் அந்த ஐந்தையும் முழுசா வாங்கணும்.