அலெப்போ அறையின் முன்னே

பல தேசத்தாரும் வந்து குடியேறிய ஐரோப்பிய நகரங்களில் மியூசியங்களை நடத்துகிறவர்கள், அந்த ஜனங்கள் தங்கள் வாசற்படியை மிதிப்பதில்லையே என்று விசாரப்பட்டுவிட்டு, விவரப் பலகையை இன்னும் இரண்டு பாஷைகளில் எழுதி மாட்டுவதோடு திருப்தி அடைந்துவிடுவது வழக்கம். பெர்லினில் 2015-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய 'முல்தகா' என்னும் திட்டம் அப்படிப்பட்டதன்று. சிரியாவிலிருந்தும் ஈராக்கிலிருந்தும் புகலிடம் தேடி வந்தவர்களுள் சிலரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சியளித்து, இஸ்லாமியக் கலை மியூசியம் முதலான நான்கு இடங்களில், தம்மைப் போல வந்தவர்களுக்கு அரபு மொழியிலேயே, கட்டணமின்றி, எல்லாவற்றையும் விளக்கிக் காட்டும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்தார்கள்.

இஸ்லாமியக் கலை மியூசியத்தில் அலெப்போ அறை என்று ஒன்று உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் அலெப்போ நகரத்துக் கிறிஸ்தவ வர்த்தகர் ஒருவர், விருந்தினரை வரவேற்பதற்கென்று தம் வீட்டில் அமைத்த அறையின் மரச்சுவர்கள் அவை. 1912-இல் விலை பேசி வாங்கப்பட்டு பெர்லின் வந்து சேர்ந்தன. செந்நிறம் மேலோங்கிய அப்பலகைகளில் மரியன்னை குழந்தையோடு வீற்றிருக்க, வேறோரிடத்தில் லைலாவும் மஜ்னூனும் காட்சி தருகிறார்கள். இவர்களைச் சூழ்ந்து பூங்கொடிகளும் அரபு வாசகங்களும் ஓடுகின்றன. யுத்தத்தில் வீடிழந்து வந்த அலெப்போக்காரர் ஒருவர், மதபேதம் பாராட்டாத அந்தச் சித்திர வேலையைத் தம் ஊராருக்கு எடுத்துச் சொல்லும்போது, கேட்பவர் இடைமறித்துத் தம் பாட்டனார் வீட்டுக் கூடத்தை வருணிக்கத் தொடங்கினால் அதில் வியப்பென்ன? பிரசங்கம் சம்பாஷணையாகிவிடுகிறது, பண்டிதர்கள் எழுதி வைத்த பலகைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

எனினும் இத்திட்டத்தில் என் மனத்தை அதிகம் கவர்ந்த அம்சம், ஜெர்மானியச் சரித்திர மியூசியத்தையும் அதில் சேர்த்துக்கொண்டதே. 1945-இல் கற்குவியலாகக் கிடந்த பெர்லின், பிறகு எழுந்து நின்ற வரலாற்றை அங்கே பார்க்கிற சிரியாக்காரர், தம் நகரத்தைப் பற்றி என்ன நினைப்பார் என்பதை நாம் ஊகிக்க வேண்டியதில்லை.

ஓர் அபாயமும் இதில் இருக்கிறது. எந்தக் கடலைக் கடந்தீர், எந்தப் படகில் வந்தீர் என்று வழிகாட்டியையே துருவித் துருவிக் கேட்டு, அவரையும் ஒரு காட்சிப்பொருளாக்கிவிடும் பரோபகாரிகள் எந்த ஊரிலும் உண்டு. விளக்கிச் சொல்லும் உத்தியோகத்தோடு நிற்காமல், எதை எங்கே வைப்பது, அது வந்த வரலாற்றை எப்படி எழுதுவது என்று தீர்மானிக்கும் சபையிலும் வழிகாட்டிகளுக்கு ஆசனம் தருவதே அதற்குத் தக்க மாற்று என்பது என் அபிப்பிராயம். அலெப்போ அறை இருந்த பெர்கமோன் கட்டடம் பழுதுபார்ப்பதற்காக 2023 அக்டோபரில் முழுவதும் மூடப்பட்டது; அதன் ஒரு பகுதியை 2027-இல் திறப்பதாக அறிவித்திருக்கிறார்கள். அந்தச் சபையைக் கூட்டுவதற்கு அவகாசம் இருக்கிறது.