சலூன் அலமாரியில் பெயரில்லாத பாட்டில்கள்!
எது தண்ணீர்? எது ஸ்பிரிட்? கடைக்காரருக்கு மட்டுமே வெளிச்சம்!

விழுப்புரம்–

சலூன் நாற்காலியில் உட்காருகிற ஆள் கண்ணாடியைப் பார்ப்பார். கத்தியைப் பார்ப்பார். புது பிளேடுதான் போடுகிறாரா என்று ஓரக்கண்ணால் கவனிப்பார். ஆனால் கண்ணாடிக்குக் கீழே வரிசை கட்டி நிற்கும் பாட்டில்களில் என்ன இருக்கிறது என்று கேட்பவர் மிகக் குறைவு. கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

விழுப்புரம் நேருஜி வீதியானாலும் சரி, திண்டிவனம் நேரு வீதியானாலும் சரி, பழைய சலூன் அலமாரியில் இருந்ததெல்லாம் என்ன? தண்ணீர் தெளிக்கும் பாட்டில், படிகாரக் கட்டி, பவுடர் டப்பா, கிருமிநாசினி. அவ்வளவுதான்!

இன்று அப்படி இல்லை. தலைச் சாயம், டெவலப்பர், பிளீச்சிங் பவுடர், ஸ்பிரிட், முடியை நேராக்கும் கிரீம், ஷாம்பு கேன் என்று அலமாரி நிரம்பி வழிகிறது. 2020-ல் கொரோனா ஊரடங்கில் மூடிய கடைகள் மீண்டும் திறந்தபோது, சானிடைசரும் வரிசையில் வந்து சேர்ந்தது.

சரக்கு பெருகியது. அலமாரி மட்டும் அதே அலமாரிதான்!

கேனிலிருந்து பாட்டிலுக்கு

சிறிய பாட்டிலாக வாங்கினால் விலை கட்டுபடியாகாது. பெரிய கேன் மலிவு. ஆனால் 5 லிட்டர் கேனை நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொழில் செய்ய முடியுமா? எனவே கையில் கிடைத்த காலி பாட்டிலில் ஊற்றி வைக்கிறார்கள். குடிதண்ணீர் பாட்டிலில் ஸ்பிரிட். ஷாம்பு பாட்டிலில் தரை கழுவும் மருந்து. தண்ணீர் தெளிக்கிற பாட்டில் இரண்டு, மூன்று. எல்லாம் ஒரே நிறம்!

"நமக்குத் தெரியாதா, இதுல என்ன இருக்குன்னு?" என்பார் கடைக்காரர். அவருக்குத் தெரியும். போன வாரம் வேலைக்குச் சேர்ந்த பையனுக்குத் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை காலை, பெஞ்சு நிறைய ஆட்கள் காத்திருக்கும்போது, கை எதை எடுக்கும்? நாற்காலிக் கைகளின் மேல் பலகை போட்டு உட்கார வைத்த குழந்தையின் முகத்தில் தண்ணீருக்குப் பதில் வேறொன்று தெளிக்கப்பட்டால் கதி என்ன?

எக்கியர்குப்பம் சொன்ன பாடம்

பாட்டிலில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போனால் என்ன நடக்கும் என்பதை இந்த மாவட்டத்துக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியர்குப்பத்தில் சாராயம் என்று நம்பிக் குடித்தது, தொழிற்சாலைக்கான மெத்தனால். செங்கல்பட்டு மாவட்டத்தையும் சேர்த்து 20 பேருக்கு மேல் மாண்டார்கள். மறு ஆண்டே, 2024 ஜூனில், முன்பு விழுப்புரத்தோடு சேர்ந்திருந்த கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் பலி.

அது கள்ளச்சாராயக் கும்பலின் குற்றம். சலூன்காரர் குற்றவாளி அல்ல, உழைத்துப் பிழைப்பவர். ஆனால் மருத்துவமனை வாசலில் இரண்டு இடத்திலும் எழுகிற கேள்வி ஒன்றுதான்: "உள்ளே போனது என்ன?"

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகட்டும், புதுவை ஜிப்மர் ஆகட்டும், டாக்டர் முதலில் கேட்பது இதைத்தான். ஏனென்றால் சிகிச்சை வேறு வேறு. மெத்தனாலுக்குத் தனி மாற்று மருந்து உண்டு. கறுப்புச் சாயங்களில் உள்ள பி.பி.டி. என்ற ரசாயனம் வயிற்றுக்குள் போனால் தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும், சிறுநீரகமும் கெடும். அங்கே முதல் வேலை மூச்சுக்கு வழி செய்வது. பாட்டிலில் பெயர் இருந்தால் டாக்டருக்கு நேரம் மிச்சம். பெயர் இல்லாவிட்டால்?

20–30–40 குழப்பம்

சாயத்தோடு கலக்கும் டெவலப்பரில் இருப்பது ஹைட்ரஜன் பெராக்சைடு. 20 வால்யூம் என்றால் 6 சதவீதம். 30 என்றால் 9. 40 என்றால் 12. மூன்றும் பார்க்க ஒரே மாதிரி வெள்ளை கிரீம். 20 எடுக்க வேண்டிய கை 40-ஐ எடுத்தால் வீரியம் இரு மடங்கு, தலைத்தோல் வெந்துபோகும். "கொஞ்சம் எரியும், பொறுத்துக்குங்க அண்ணே" என்று சமாளிக்கிற விஷயமல்ல இது!

வெயிலும் எதிரி. நம்மூர் அக்கினி நட்சத்திரத்தில் தகரக் கூரை போட்ட கடை அடுப்பாகக் காயும். பெராக்சைடு சூட்டிலும் வெளிச்சத்திலும் சிதைந்து ஆக்சிஜன் வாயுவை வெளிவிடும். பாட்டில் உப்பும். கலக்கி மிச்சமான சாயத்தைச் சிக்கனம் பார்த்து மூடி போட்டு வைத்தால் வெடிக்கவும் கூடும். மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். மறுபடி பாட்டிலில் ஊற்றக் கூடாது.

முடியை வெளுக்க வைக்கும் பவுடர் தூசியாகப் பறந்தால் தொழிலாளிக்கே ஆஸ்துமா வரலாம். டப்பாவை எப்போதும் மூடியே வைக்க வேண்டும்.

சாமி படத்துக்குக் கீழே ஸ்பிரிட்!

காலையில் கடை திறந்ததும் சாமி படத்துக்கு ஊதுபத்தி, வெள்ளிக்கிழமை கற்பூரம். நல்ல வழக்கம்தான். ஆனால் அந்தப் படத்தின் கீழ்த்தட்டிலேயே ஸ்பிரிட்டும் சானிடைசரும் இருந்தால்? இரண்டும் நெருப்பைக் கண்டால் குப்பென்று பற்றும். தீபம் ஒரு பக்கம், ஸ்பிரிட் மறுபக்கம் என்று பிரித்து வைக்க வேண்டும். ஹேர் டிரையர் மாட்டும் பிளக் பக்கமும் கூடாது.

கழிவறை ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே மூலையில் வைப்பதும் தவறு. இரண்டும் கலந்தால் கிளம்புவது குளோரின் வாயு. அடைசலான கடைக்குள் அது ஆளை மயக்கிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2020 டிசம்பரில் வெளியான அழகு சாதனப் பொருள் விதிகளின்படி லேபிளில் தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், உபயோகிக்கும் கெடு எல்லாம் இருக்க வேண்டும். பி.பி.டி. உள்ள சாயத்தில் எச்சரிக்கை ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் இருக்க வேண்டும். காதுக்குப் பின்னால் சிறிது தடவி 24 மணி நேரம் சோதிக்க வேண்டும், புருவத்துக்கும் இமைக்கும் போடக் கூடாது என்பதே அந்த எச்சரிக்கை.

வேறு பாட்டிலில் ஊற்றியதும் இத்தனையும் கேனோடு போய்விடுகிறது. சரக்குக்குக் கெடு முடிந்ததா என்பதுகூடத் தெரியாது!

காலி பாட்டிலிலும் கவனம் தேவை. பெரிய கம்பெனி பாட்டிலை லேபிளோடு பழைய சாமான்காரரிடம் போட்டால், போலிச் சரக்குக்காரனுக்கு அதுவே முதலீடு. லேபிளைக் கிழித்து, பாட்டிலில் ஓட்டை போட்டு எறிவது நல்லது.

செலவு எவ்வளவு?

ஒரு மார்க்கர் பேனா. ஒரு சுருள் பிளாஸ்திரி. ஒவ்வொரு பாட்டிலிலும் பெயர், ஊற்றிய தேதி, கேனில் உள்ள கெடு தேதி. வடமாநிலத் தொழிலாளர்கள் உள்ள கடைகளில் தமிழ் மட்டும் போதாது. தண்ணீருக்கு நீலம், ஸ்பிரிட்டுக்குச் சிவப்பு என்று கலர் நாடா ஒட்டினால் யாருக்கும் புரியும். குடிதண்ணீர் பாட்டிலில் மருந்து ஊற்றுவதை அறவே நிறுத்த வேண்டும். விஷச் சரக்கு குழந்தை கைக்கு எட்டாத, பூட்டுள்ள தட்டில். அதிலும் கண்ணில் தெறிக்கக் கூடியது கண் மட்டத்துக்கு மேலே வேண்டாம்.

தப்பித் தவறி கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. 108-ஐ அழைத்து, பாட்டிலையும் கையோடு எடுத்துப் போக வேண்டும்.

ஒரு காலத்தில் ஊருக்கே வைத்தியம் பார்த்தவர்கள் இந்தத் தொழிலைச் செய்தவர்கள்தான். மருத்துவர் என்ற பெயர் அப்படி வந்ததுதான். எந்தக் குப்பியில் எந்தத் தைலம் என்பதில் அவர்கள் கை தவறினால் உயிர் தவறும். அந்தக் கவனம் இன்றைய சலூனுக்கும் வேண்டும்.

கடைக்கு உரிமம் கொடுக்கும் நகராட்சி, பரிசோதனைக்கு வரும்போது அலமாரியையும் ஒரு பார்வை பார்க்கலாம். தொழிலாளர் சங்கங்கள் ஒரு விடுமுறை நாளில் உறுப்பினர்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். அதுவரை காத்திருக்காமல், நாற்காலியில் உட்காருகிறவரும் தயங்காமல் கேட்கலாம்: "அண்ணே, அந்தப் பாட்டில்ல என்ன?"

பதில் பாட்டிலிலேயே எழுதியிருந்தால் அது நல்ல கடை.